முள் காட்டாத உயரம்

புயலுக்குள் விமானத்தை ஓட்டிக்கொண்டு போவது புத்தியுள்ளவன் பார்க்கிற வேலையல்ல. சிறிதரன் அதை விரும்பிப் பார்த்தான். சிட்னிக்கு மேற்கே ஒரு சின்னக் கம்பனி, இரண்டு எஞ்சின் வைத்த ஒரு பழைய விமானம், மரே என்ற சிடுமூஞ்சி விமானி. புயலின் நடுவில் காற்றழுத்தம் எவ்வளவு, காற்றின் வேகம் எவ்வளவு என்று அளந்து வானொலியில் கரைக்குச் சொல்ல வேண்டும். விண்ணிலிருந்து செய்மதி எடுக்கும் படத்தில் மேகத்தின் முதுகுதான் தெரியும். வயிற்றுக்குள் இருப்பதைப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

அந்த வேலைக்கு அத்தானையும் சேர்த்துவிட்டவன் அவன்தான். அத்தான் சச்சிதானந்தன் கொழும்பில் வானிலை அதிகாரியாக இருந்தவர், அக்கா சந்திரவதனாவோடு முந்தின வருடம் வந்து இறங்கியவர். முதல் பறப்பிலேயே வாந்தி எடுத்து, மரேயின் தோளைக் கட்டிப் பிடித்துவிட்டார். சும்மா விடுவானா சிறிதரன்? 1976இல் சிட்னித் தமிழ் வீடுகள் என்ன பெரிய கூட்டமா? ஒரு வீடு விடாமல் அந்தக் கதையை நடித்தே காட்டினான். அத்தானும் சேர்ந்து சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

இன்னொரு புயலுக்குப் புறப்பட்ட காலை, சிட்னிப் புறநகரான பரமட்டாவில் தன் வீட்டு வாசலில் அக்கா அவனை மறித்தாள். "தம்பி, அவரைப் பற்றி நீ என்ன கதையெண்டாலும் சொல்லு. ஆனால் ஒரு நகக்கீறல் இல்லாமல் கொண்டுவந்து என்னட்டத் தா."

"ஓம் அக்கா. என்ர பொறுப்பு" என்றான்.

புயல் கரைக்கு வெளியே வடகிழக்கில் நின்றது. மீன்பிடிப் படகுகள் இன்னும் கடலில். அது கரைக்குத் திரும்புமா, நியூசிலாந்துப் பக்கம் நகருமா என்று ஒருவருக்கும் தெரியாது.

புயற்கண்ணைச் சுற்றி நிற்கும் மேகச் சுவரில் நுழைந்ததும் வெளிச்சம் செத்தது. மழை தகரத்தில் கல்லெறிவது போல விழுந்தது. விமானம் தொப்பென்று விழும், மறு நொடி முதுகெலும்பு நொறுங்க மேலே எறியப்படும். இருக்கைப் பட்டி சிறிதரனின் இடுப்புத் தோலை உரித்தது. கூரையிலிருந்து கழன்ற ஒரு பெட்டி மரேயின் காதைக் கிழித்துக்கொண்டு போயிற்று. எங்கிருந்தோ தண்ணீர் ஒழுகி, விமானத்துக்குள் பேசிக்கொள்ளும் காதுக்கருவிகள் கரகரத்துச் செத்தன; கரையோடு பேசும் வானொலி மட்டும் மிஞ்சியது. இனி பின்னால் இருக்கும் அத்தானின் குரல், முன்னால் இருக்கும் மரேக்கும் சிறிதரனுக்கும் வராது.

அந்தக் குரல்தான் அவர்களின் கண். விமானியின் முன்னால் இருக்கும் உயரமானி காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்வது. புயலின் நடுவில் அழுத்தம் சரியச் சரிய அது பொய் சொல்லும். விமானம் கீழே இறங்கிக்கொண்டிருக்க, முள் அசையாமல் நிற்கும். கடலுக்கு ரேடார் கதிர் விட்டு உண்மை உயரம் அளக்கும் கருவி அத்தானின் மேசையில். அவர் சொல்லச் சொல்ல மரே திருத்திக்கொள்வான். இந்தப் புயலோ ஒருவரும் நினைக்காத வேகத்தில் ஆழமாகியிருந்தது. முள் இரண்டாயிரம் அடியில் நிம்மதியாக நின்றது.

திடீரென்று இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் அத்தானின் தலை வந்தது. பட்டியைக் கழற்றிவிட்டுத் தவழ்ந்து வந்திருக்கிறார்! கண்கள் பிதுங்கி, வாய் அகலத் திறந்து என்னவோ கத்தினார். மழையில் ஒரு சொல் கேட்கவில்லை. பாய்ந்து மரேயின் சுக்கானைப் பிடித்து இழுத்தார்.

"அவனைப் பிடித்துத் தள்ளு!" மரே சிறிதரன் பக்கம் சரிந்து அலறினான்.

சிறிதரனுக்கு ஒன்றுதான் தோன்றியது: பயந்து புத்தி பிசகின மனுசன் எல்லோரையும் கொல்லப் போகிறார். "இரடா நாயே!" என்று அவர் காதோடு கத்திக்கொண்டு முஷ்டியால் அத்தானின் வாயில் குத்தினான். எலும்பில் பல் ஏறிய வலி அவன் தோள்வரை ஓடியது. சரிந்த மனிதர் எழுந்து மறுபடியும் சுக்கானுக்கே வந்தார். மறுபடியும் குத்தினான். அவர் அவனைத் திருப்பி அடிக்கவேயில்லை. இரத்தம் வழிய, ஒற்றை விரலால் கீழே, கீழே என்று காட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சிறிதரன் குனிந்து பார்த்தான்.

மேகம் கிழிந்த இடத்தில் கடல் தெரிந்தது. கீழே அல்ல, பக்கத்தில். வெள்ளை நுரை பறக்கும் ஒரு தண்ணீர் மலை இறக்கையின் நுனிக்கு நேராக எழும்பி வந்தது.

"இழு! இழு!" என்று கத்தினான் சிறிதரன். அத்தானின் கைகள், அவன் கைகள், மரேயின் கைகள், எல்லாம் சேர்ந்து சுக்கானை இழுத்தன. உப்புத் தண்ணீர் கண்ணாடியில் அறைந்தது. ஒரு எஞ்சின் இருமி, நின்று, மறுபடி பிடித்தது. விமானம் முனகி முனகி மேலேறி, ஒரேயடியாகச் சுவரைக் கிழித்துக்கொண்டு புயற்கண்ணுக்குள் விழுந்தது.

அங்கே வெயில். காற்றில்லை. அத்தான் தவழ்ந்து தன் மேசைக்குப் போய், இரத்தம் சொட்டச் சொட்ட அழுத்தத்தை அளந்தார். காலையில் இருந்த இடத்தைவிடப் புயற்கண் மேற்கே தள்ளியிருந்தது; புயல் கரைக்குத்தான் திரும்புகிறது. மரே அதை வானொலியில் சொன்னான். படகுகளைத் திருப்பி அழைப்பதாகக் கரையிலிருந்து பதில் வந்தது.

"அத்தான், நான் உங்களை அப்பிடிச் சொன்னது..." என்று தொடங்கினான் சிறிதரன்.

"சத்தத்தில எனக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்றார் அத்தான், வீங்கிய உதட்டோடு. கேட்டிருந்தது. சிறிதரனுக்கு அது தெரியும்.

வந்த வழியே, இம்முறை உயரத்தில், திரும்பி வந்தார்கள். பின்னேரம் பரமட்டாவில் கதவைத் திறந்த அக்கா, புருசனின் வாயைப் பார்த்து வாசலிலேயே மறித்து நின்றாள்.

"பிளேன் கதிரைக் கைப்பிடியில அடிபட்டுப் போச்சு" என்றார் அத்தான் அவசரமாக.

"இல்லை அக்கா. நான்தான் அடிச்சனான். ரெண்டு தரம்" என்றான் சிறிதரன். "அவர் எங்களைக் காப்பாத்த வந்தவர். பயந்தது நான்தான்." இறங்கியதும் விமானத் தரையில் முழங்காலிட்டுத் தேடி எடுத்ததைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். ஒரு முன்பல்.

அக்கா பல்லைப் பார்த்தாள். கையை மூடினாள். மூடின அந்தக் கையாலேயே தம்பியின் வாயில் ஓங்கிக் குத்தினாள். அவன் தள்ளாடிக் கதவில் சாய்ந்தான். அத்தான் பாய்ந்து அவள் கையைப் பிடித்தார்.

"விடப்பா, அவன் சின்னப்பெடியன்" என்றார்.

அதுவரை அழாதவன் அதைக் கேட்டுத்தான் அழுதான். "வா உள்ளுக்கு" என்றாள் அக்கா, மூச்சு வாங்க. "வாயைக் கழுவு. ரெண்டு பேருக்கும் கஞ்சிதான்."