நாலாவது தேசிக்காய்

மூன்று தேசிக்காய்கள் சொல்லுக் கேட்டு நசுங்கின. நாலாவது கேட்கவில்லை. உருண்டு வந்த கார்ச்சட்டத்தின் முன்பக்கத்து இடது சில்லு அதன்மேல் ஏறி மறுபக்கம் இறங்கிப் போனது. காய் பச்சைப் பசேலென்று, ஒரு வெடிப்புக்கூட இல்லாமல், சீமெந்துத் தரையில் அப்படியே கிடந்தது.

செல்வமலர் கையில் கற்பூரப் பெட்டியோடு விறைத்துப்போய் நின்றாள். அவளுடைய புருசன் பாலேந்திராவின் முகத்தில் ஈயாடவில்லை. அபசகுனம் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. அவளுக்குச் சகுனம் ஞாபகத்துக்கே வரவில்லை. சில்லில் பாரம் இருந்தால் தேசிக்காய் நசுங்கும், இல்லாவிட்டால் நசுங்காது. அப்படியென்றால் இந்தச் சட்டம், இந்தச் சேசிஸ், மூன்று காலில்தான் நிற்கிறது. அதன் வரைபடத்தைக் கீறியவள் அவள்.

யாழ்ப்பாணத்தில் ஆறு வருசம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவள் செல்வமலர். மதகும் வாய்க்காலும் கீறின கை. லண்டனுக்கு வந்து நாலு வருசமாக அந்தக் கை அப்டன் பார்க்கில் ஒரு தையல் தொழிற்சாலையில் காற்சட்டைகளுக்குப் பொக்கெற் தைத்துக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு முந்நூறு பொக்கெற். அத்தனை பொக்கெற்றுக்குள்ளும் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் தைத்து மூடுகிற மாதிரி அவளுக்கு இருந்தது.

பாலேந்திராவுக்குப் பிளேஸ்டோவில், ரயில் பாலத்துக்கு அடியில், வளைவுக்குள் கார் திருத்துகிற வேலைத்தலம் ஒன்று. கூட்டாளி மன்னார்க் கஸ்பர். இரும்பு ஒட்டுவதில் அவனை அடிக்க ஆளில்லை. மேலே ரயில் போகும்போதெல்லாம் கூரையிலிருந்து புழுதி கொட்டும். அதற்குப் பழகிப்போய், தேத்தண்ணிக் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டே குடிப்பார்கள்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு மார்ச்சில் டென்டன் என்கிற வெள்ளைக்காரர் ஒரு பழைய அமெரிக்கக் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அறுபத்தாறாம் ஆண்டுப் பொன்டியாக். மேலே பார்த்தால் மாப்பிள்ளை, கீழே குனிந்து பார்த்தால் கறள் பிடித்த இரும்பு. எலும்புக்கூடு மாதிரி முழுக் காரையும் தாங்குகிற சேசிஸ், பாணைப்போலப் பிய்ந்தது. போதாக்குறைக்கு அவர் அதில் இன்னும் பெரிய எஞ்சின் ஒன்றைப் பூட்டப் போகிறாராம். பழசைத் திருத்தி வேலையில்லை, புதிதாக ஒன்று கீறித்தான் செய்ய வேண்டும்.

சுவருக்கு ஒட்டுகிற வெள்ளைத்தாள் சுருள் ஒன்றை வாங்கி, குசினி மேசையில் விரித்து, ஐந்து கிழமை கீறினாள் செல்வமலர். எஞ்சினின் பாரம் எந்த இடத்தில் இறங்கும், குறுக்குச் சட்டம் எத்தனை வேணும், எந்தக் குழாய் எவ்வளவு தடிப்பு என்று கணக்குப் போட்டுக் கணக்குப் போட்டு, அடுப்பில் கறி அடிப்பிடித்தது இரண்டு தரம். அந்த ஐந்து கிழமையும் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள் என்று வீட்டுக்கு வந்துபோகிற கஸ்பர் பிறகு சொன்னான். அவளுக்கே தெரியாது.

தாளைப் பார்த்த டென்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, "யார் கீறியது?" என்று கேட்டாராம். அவள் அப்போது தையல் மெசினில். பாலேந்திரா யோசிக்காமல், "நான்தான்" என்றாராம்.

"மனுசி குசினிக்குள்ள இருந்து கீறினதெண்டால் ஓடர் தருவானே?" என்று பிறகு வீட்டில் சமாதானம் சொன்னார். சரி, ஓடர் முக்கியம் என்று அவளும் விழுங்கிக்கொண்டாள். ஆனால் போன கிழமை வந்த கதையை விழுங்க முடியவில்லை. டென்டனுக்கு ரொம்ஃபோர்டில் பந்தயக் கார்களுக்குச் சேசிஸ் செய்கிற கம்பனி இருக்கிறது. அங்கே கீறுகிற மனுசன் ஓய்வெடுக்கிறார். இந்தச் சேசிஸ் நாலு சில்லிலும் நேராக நின்றால், இதைக் கீறியவருக்கு அந்த மேசையும் வேலையும்.

"நான் போறன் மலர். நீர் வீட்டில இருந்து கீறித் தாரும், நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்," என்றார் பாலேந்திரா, புட்டைக் குழைத்துக்கொண்டே, ஏதோ மரக்கறி வாங்கி வருகிற மாதிரி.

அவள் தனக்குள் ஒரு முடிவெடுத்தாள். வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, நல்ல சேலை உடுத்திக்கொண்டு போவது. சேசிஸ் தேசிக்காய்களை நசுக்கிக்கொண்டு உருண்டதும், டென்டன் முன்னால் போய் நின்று தானே சொல்வது. அதற்கு ஆங்கிலத்தில் மூன்று வசனம் பாடமாக்கி வைத்திருந்தாள். கிறீன் ஸ்ரீற் கடையில் தேசிக்காய்களையும் அவளேதான் பொறுக்கி எடுத்தாள். எல்லாம் ஒரே அளவில்.

அந்தத் தேசிக்காய்களில் ஒன்றுதான் இப்போது அவளைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

டென்டன் நல்ல மனுசன், ஆனால் மழுப்பல் பிடிக்காது. நசுங்காத காயையும் பார்த்தார், சேசிஸின் மூலையை ஒரு கையால் அமத்தியும் பார்த்தார். கால் குட்டையான கதிரை மாதிரி அது டக்கென்று ஆடிற்று.

"பாலன், இது முறுகியிருக்கிறது," என்றார். "நீங்கள் கீறியதில் எங்கே பிழை?"

பாலேந்திரா பேயறைந்தவர் போல நின்றார். பிறகு அவருடைய கை எழும்பி, விரல் நீண்டு, செல்வமலரைக் காட்டியது.

"இது நான் கீறியதில்லை," என்றார் ஆங்கிலத்தில். "என் மனைவி கீறியது."

மேலே ரயில் போயிற்று. புழுதி கொட்டியது.

ஏப்ரல் மாதத்திலிருந்து செல்வமலர் இந்த மனுசன் வாயிலிருந்து இந்த வசனம் வராதா என்று ஏங்கியிருக்கிறாள். கோயிலில் நேர்த்திகூட வைத்திருக்கிறாள். இப்போது வந்துவிட்டது, அவள் வேண்டிக்கொண்ட அதே சொற்களில். நன்றாக இருந்தவரை அவருடையது, பிழையானதும் அவளுடையது. பத்து வருசம் ஒரே கோப்பையில் சாப்பிட்ட மனுசன், ஒரு மூச்சில் அவளைத் தூக்கி முன்னால் போட்டுவிட்டு விலகி நிற்கிறார். கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. நெஞ்சுக்குள் குளிர்தான் வந்தது. பாடமாக்கின மூன்று வசனமும் எங்கேயோ போய்விட்டன.

கஸ்பர் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். டென்டன் அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண்ணில் முதலில் தெரிந்தது ஆச்சரியம். அடுத்து வந்தது ஏமாற்றம். அந்த ஏமாற்றம்தான் அவளை எழுப்பியது.

"கஸ்பர், நூல் இருக்கே?" என்று கேட்டாள்.

"இருக்கக்கா."

"நாலு மூலைக்கும் குறுக்காலை கட்டுவம். அந்தப் பக்கம் பிடியும்."

முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கு ஒரு நூல். முன் வலதிலிருந்து பின் இடதுக்கு இன்னொன்று. சட்டம் மட்டமாக இருந்தால் இரண்டு நூலும் நடுவில் ஒன்றையொன்று தொடும். தொடவில்லை. நடுவிலே அரை அங்குலத்துக்கு மேலே இடைவெளி. டென்டன் தலையை ஆட்டினார். அவருக்கும் தெரிந்த வித்தைதான் அது.

அவள் அதோடு நிற்கவில்லை. நல்ல சேலையோடு முழந்தாளிட்டு, ரேப்பைப் பிடித்து ஒவ்வொரு நீளமாக அளந்து, தாளில் உள்ளதை உரக்க வாசித்தாள். நீளம் சரி. அகலம் சரி. மூலைக்கு மூலை இரண்டு நூலும் ஒரே நீளம். இருபத்தொரு அளவில் இருபத்தொன்றும் சரி.

"தாளில் பிழை இருந்தால் ஒரு அளவாவது பிழையாக இருக்க வேண்டும்," என்றாள் டென்டனிடம். ஆங்கிலம் தானாக வந்தது. "ஒன்றும் பிழையில்லை. ஒட்டும்வரை சட்டம் நேராகத்தான் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் முறுகியிருக்கிறது."

"ஏன்?"

அது அவளுக்கும் தெரியாது. ஜிக் என்று சொல்லுகிற, தரையோடு போல்ட் அடித்த அந்த இரும்பு மேடையில் கிளாம்புகளால் இறுக்கிப் பிடித்தபடிதான் எல்லாவற்றையும் ஒட்டினார்கள். கடைசிக் குறுக்குச் சட்டம் இன்று காலையில்தான் ஒட்டுவதாக இருந்தது. ஒட்டிவிட்டு ஒரு நாள் மேடையில் விட்டு ஆறவிடுங்கோ, டென்டனைச் சனிக்கிழமை வரச்சொல்லுங்கோ என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை அட்டமி, ஞாயிற்றுக்கிழமை நவமி, வெள்ளிக்கிழமையை விட்டால் நல்ல நாள் இல்லை என்று பாலேந்திரா அவரை இன்றைக்கே வரச்சொல்லியிருந்தார்.

அவள் எழும்பிச் சட்டத்தைச் சுற்றி வந்தாள். பாலேந்திரா பூசை செய்தபோது ஒவ்வொரு மூட்டிலும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். எல்லாம் மஞ்சளாக, அழகாகக் காய்ந்திருந்தன. கடைசிக் குறுக்குச் சட்டத்தின் இடது மூட்டில் வைத்த பொட்டு மட்டும் கறுத்துப் பொரிந்து, கருகின தோசைபோலப் பொருக்கு விட்டிருந்தது.

செல்வமலர் குனிந்த குனியில் நின்றுவிட்டாள். தொட்டுப் பார்த்தாள், உதிர்ந்தது. இரும்பு சுட்டுக்கொண்டிருந்தபோது வைத்த பொட்டு.

"எத்தினை மணிக்கு இறக்கினீங்கள்?" என்று கேட்டாள். புருசனைப் பார்க்காமலே கேட்டாள்.

பாலேந்திரா சந்தனக் கிண்ணத்தை எடுத்து ஒதுக்கி வைத்தார்.

"கஸ்பர்?"

கஸ்பர் தொப்பியைக் கழற்றினான். "அக்கா... பத்து மணி தாண்டித்தான் ஒட்டி முடிச்சனான். ஆறட்டும் அண்ணை, ஆறட்டும் எண்டு கெஞ்சினனான். பத்தரைக்கு ராகுகாலம் துவங்கிடும், அதுக்கு முதல் நிலத்தில இறக்கியே ஆகோணும் எண்டு அண்ணை ஒத்தைக்காலில நிண்டவர். கிளாம்பைக் கழட்டேக்க கையுறையோடயும் சுட்டது."

ஆறுவதற்கு முதல் விடுதலை கிடைத்த இரும்பு, தன் பாட்டுக்குச் சுருங்கி, தன் பாட்டுக்கு இழுத்து, தன் பாட்டுக்கு முறுகிவிட்டது. அவ்வளவுதான். நல்ல நேரம் பார்த்துச் செய்த காரியம்.

டென்டன் கறுத்த பொட்டைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் நாக்கு பின்வாங்கியது. வீட்டுக் கதையை வெளியே விடக் கூடாது என்று வளர்ந்த நாக்கு. பிறகு தன்னைக் காட்டி நீண்ட விரல் ஞாபகம் வந்தது.

"கடவுளுக்கு வைக்கிற பொட்டு," என்றாள். "இரும்பு சூடாக இருந்தபடியால் எரிந்துபோயிற்று. ஆறுவதற்கு முதல் இறக்கிவிட்டார்கள்."

டென்டன் பாலேந்திராவின் பக்கம் திரும்பினார். "ஏப்ரலில் நான் கீறினேன் என்று சொன்னீர்கள். இன்றைக்கு மனைவி கீறியது என்கிறீர்கள். எது பொய்?"

இந்த மனுசன் இப்போதும் ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் போகிறார் என்றுதான் செல்வமலர் நினைத்தாள்.

"முதல் சொன்னது," என்றார் பாலேந்திரா. கண்ணில் தண்ணீர். அவரை அப்படி அவள் முன்னம் கண்டதேயில்லை.

டென்டன் தாளைச் சுருட்டி அவளிடம் நீட்டினார். "அந்த இடது மூட்டை வெட்டித் திரும்ப ஒட்டினால் சரிவரும், இல்லையா? எப்போது வந்து பார்க்கலாம்?"

பாலேந்திராவின் கை பழக்கதோசத்தில் பொக்கெற்றுக்குள் போயிற்று. பஞ்சாங்கம் அங்கேதான் இருக்கும்.

"செவ்வாய்க்கிழமை," என்றாள் செல்வமலர். "பின்னேரம் மூன்றரைக்கு."

"மலர், செவ்வாயில மூண்டிலயிருந்து நாலரை மட்டும் ராகுகாலமெல்லோ!"

"ஓம். தெரியும்," என்றாள். "அதுக்குள்ள நல்லா ஆறியிருக்கும்."

நசுங்காத தேசிக்காயை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வீட்டில் நாலு நாளும் தேவையான பேச்சுத்தான் நடந்தது. உப்பு, கதவுத் திறப்பு, பால். தேசிக்காய் குசினி யன்னலில் இருந்தது. பாலேந்திரா தேத்தண்ணி போடும்போதெல்லாம் அதைப் பார்த்தார், தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை தொழிற்சாலையிலிருந்து அவள் நேரே வந்தாள். சேலையில்லை, வேலை உடுப்புத்தான், தோளில் நூல் துணுக்குகள். சட்டம் சில்லுகளில் நின்றது. மூன்று புதுத் தேசிக்காய்களைக் கஸ்பர் வைத்தான். நாலாவதாக, அந்தப் பழைய காயையே அதே இடது சில்லுக்கு முன்னால் அவள் வைத்தாள். அவனும் பாலேந்திராவும் தள்ளினார்கள். அவள் கண்ணை மூடவில்லை.

நாலும் நசுங்கின. பழைய காய் வெடித்துச் சாறு டென்டனின் காற்சட்டையில் தெறித்தது.

டென்டன் உரக்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, மூன்று மாதப் பழக்கத்தில், பாலேந்திராவை நோக்கிக் கையை நீட்டினார். நீட்டிய பிறகுதான் அவருக்கே உறைத்தது. கை நடுவழியில் நின்றது.

செல்வமலர் அந்தக் கையைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை அவளைக் காட்டின வலதுகையை அவர் உடுப்பில் துடைத்தார். துடைத்து, மெதுவாக, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இதை அவள் எதிர்பார்க்கவேயில்லை. எதற்கென்று தெரியாமல் அவளுக்குக் கண் நிறைந்தது. பிறகு தோளில் ஒட்டியிருந்த நூல்களைத் தட்டிவிட்டு, முன்னால் போய் டென்டனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.