துக்கத்துக்கு வளராத முடி

பேரரசர் இறந்த ஒன்பதாம் மாதம் பதினோராம் தேதியிலிருந்து பீக்கிங் நகரத்தில் ஆண்களுக்குத் தலைமுடி வளரவில்லை. அரச துக்கத்துக்கு நூறு நாள் தலையில் கத்தி படக்கூடாது என்பது சட்டம். மீறினால் தலையே போகும். எப்போதும் மழித்தே வைக்கும் முன்மண்டை நாளுக்கு நாள் கருத்து வருவதுதான் விசுவாசத்துக்கு அத்தாட்சி. பத்தாம் நாள் சோதனைக்கு வந்த காவலர்கள் எங்கள் தெருவில் முந்நூறு வழவழப்பான மண்டைகளைத் தடவிப் பார்த்தார்கள், பிறகு தங்கள் மண்டைகளையும் தடவிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

ஆள் சாகவே இல்லை, அதனால்தான் வளரவில்லை என்றார்கள் தேநீர்க்கடையில். கூரை வழியாக இறங்கிய ஒரு பெண் தலையைக் கொய்து போய்விட்டாள், சவப்பெட்டியில் இருப்பது தங்கத்தலை என்று எண்ணெய் வியாபாரி சத்தியம் செய்தான். சாகாவரத்துக்காக விழுங்கிய பாதரச உருண்டைதான் காரணம் என்றான் இன்னொருவன். அரண்மனையோ சளிக்காய்ச்சல் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. முந்தைய நாள்வரை குதிரையேறிய மனிதருக்குச் சளியாம்! நான் எதையும் நம்பவில்லை. சளியை மற்றவற்றைவிடக் குறைவாக நம்பினேன்.

ஒருவருக்கு மட்டும் வளர்ந்தது. எங்கள் தெருவில் குடியிருந்த அரண்மனை வைத்தியர் கே ஷாவ்யான். அரசருக்குக் கஷாயம் காய்ச்சினால் இரண்டு கிண்ணத்தில் ஊற்றுவார்கள்; வைத்தியர் முதலாவதைக் குடித்துக் காட்டிய பிறகே அரசர் இரண்டாவதைத் தொடுவார். கே குடித்தார், பிழைத்தார். வழக்கப்படி அதோடு சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் ஊரே மொழுமொழுவென்றிருக்க அவர் தலை மட்டும் துடைப்பம்போல் நின்றது. கொன்றவன் தலையில்தான் வளரும் என்று தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டது. மழித்தால் சட்டம் விடாது, மழிக்காவிட்டால் தெரு விடாது.

அவர் மனைவி பான், நாவிதன் ஹௌ லியாங்கைக் கொல்லைப்புறமாகக் கூட்டி வந்தாள்.

"ஒரே ஒரு இழுப்பு இழுத்து விட்ருங்கண்ணே. யாருக்குத் தெரியப்போகுது?"

"நூறு நாளைக்குக் கத்தி காஞ்சு கிடக்கணும் தங்கச்சி. ஈரமா இருந்தாலே யாரு தலைன்னு கேப்பானுங்க."

அவன் போனதும் அவள் புருஷனிடம் திரும்பினாள். "உங்களுக்கு ஏதோ தெரியும். என்கிட்டயாவது சொல்லித் தொலைங்க."

"தெரியாம இருக்கிறவரைக்கும்தான் நீ உசுரோட இருப்ப," என்றார் கே.

அறுபதாம் நாள் விசாரணை அதிகாரி சுயே தன் எழுத்தரோடு வந்தார். காதோடு காதாகத்தான் சொல்வேன் என்றார் கே. சுயே உஷாரான ஆள். எழுத்தரை முன்னே தள்ளினார். "மொதல்ல நீ கேளு."

எழுத்தர் கேட்டார். அந்த இடத்திலேயே, எல்லாரும் பார்க்க, அவருடைய முன்மண்டையில் அரை விரல் முடி முளைத்தது.

"இப்ப ஐயா காதுல சொல்லட்டுங்களா?"

சுயே இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "வேணாம்யா! எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

குடித்த கஷாயத்தின் வீரியத்தால் வைத்தியருக்கு முடி வளர்ந்தது என்று அறிக்கை போனது. எழுத்தர் உடம்பு சரியில்லை என்று சொந்த ஊருக்குக் கிளம்பினார். கேயை விட்டுவிட்டார்கள். பான் அன்று வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

நூறாம் நாள், பட்டமேறியிருந்த இளவரசருக்குச் சவரம் செய்ய ஹௌ லியாங்கை அழைத்தார்கள். மழிக்க அங்கே என்ன இருக்கப்போகிறது, வெறும் சடங்கு என்று ஒரே கத்தியோடு போனான். மாலையில் அது மழுங்கித் திரும்பியது. கேட்டவர்களிடம் "சடங்குதான்" என்றான். மறுநாள் காலை அவன் முன்மண்டையும் கருத்திருந்தது.

பான் அந்தக் கத்தியைப் பார்த்தாள், அவன் தலையைப் பார்த்தாள், உள்ளே போய்க் கணவரிடம் ஒரே வார்த்தை கேட்டாள். "மகனா?"

கே நூறு நாளாக அடக்கியிருந்த அழுகையை அழுதார். இறந்த மனிதர்மேல் அவருக்கு உண்மையாகவே பாசம் இருந்திருக்கிறது.

புத்தாண்டுக்குள் தெரு முழுக்க முடி வளர ஆரம்பித்தது, காவலர்களுக்கும்தான். எனக்கு முளைத்தது பன்னிரண்டாம் மாதம் இருபத்தெட்டாம் தேதி. மற்றவர்களைப்போல் நானும் வரிசையில் நின்று, தொப்பியைக் கழற்றி, ஹௌ லியாங் முன்னால் தலையைக் குனிந்தேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. குளிர் அதிகம், தண்ணீர் கொஞ்சம் சூடாக இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன்.