பிரிமணை

பக்கத்து வீட்டுப் பழனிசாமி மூன்றாவது வீட்டிலிருந்தும் அலுமினியக் குடத்தோடுதான் திரும்பினார்.

"ஹட் பே பூரா தேடியாச்சு தங்கச்சி. மண்குடம்னு ஒண்ணு யார்கிட்டயும் இல்ல. கப்பல் வந்தாத்தான். இதப் போட்டா நசுங்கும், உடையாது."

கப்பல் வந்திருந்தால் குடமே தேவைப்பட்டிருக்காது. வயிற்றில் நீர் கட்டிய பக்தவத்சலத்தைப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்கள். அந்தமானின் ஆடிக் கடல் விடவில்லை. இரண்டு முறை ஜெட்டிவரை தூக்கிப் போய், இரண்டு முறையும் வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். இப்போது கூடத்தில் கிடத்தியிருந்தது. செத்த பிறகும் வயிறு இறங்கவில்லை.

அவர் மனைவி அலமு எழுந்தாள். மூலையில் கயிற்றுப் பிரிமணைமேல் உட்கார்ந்திருந்த கடத்தைத் தூக்கிவந்து மகன் முன்னால் வைத்தாள்.

"இத எடுத்துக்க."

உதயசூரியனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அம்மா, அது அப்பா வாசிக்கிறது."

"மண்ணுதானே?"

"வேணாம்மா. அவர் ஞாபகமா அது ஒண்ணாவது இருக்கட்டும்."

"இங்க வந்த நாள்லருந்து மெயின்லேண்டு போகணும், மெயின்லேண்டு போகணும்னே இருந்தாரு. கப்பல்தான் ஏத்திக்கல. கொள்ளிக்குடமும் உடையலைன்னா மனுசன் எங்கடா போவாரு? இந்தத் தீவையே சுத்திக்கிட்டுக் கெடப்பாரு. உடைச்சு அனுப்பிட்டு வா."

மானாமதுரைக் கடம் அது. சட்டையைக் கழற்றிவிட்டு, அதன் வாயை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வாசிப்பார். அழுத்தினால் ஒரு நாதம், விலக்கினால் வேறொன்று. பாட ஆள் இல்லை, பிடில் இல்லை. யாரோ எதிரே பாடுவதுபோல் தலையாட்டிக்கொண்டு தனியாக வாசிப்பார். "மண்ணு நடுங்கும், உள்ள இருக்கிற காத்து அத வாங்கிப் பேசும். தண்ணி நின்னா ரெண்டும் ஊமைடா" என்பார். வயிறு வீங்கியபின் அவரால் கடத்தை அணைக்க முடியவில்லை.

சுடுகாடு கடலோரத்தில். நீர் நிறைந்த கடம் இடது தோளை அழுத்தியது. முதல் சுற்றில் பழனிசாமி அரிவாள் முனையால் தட்டினார். தொத்தென்றது, துளை விழவில்லை.

"மண்ணுல இரும்புத் தூளைப் போட்டா கொழைச்சான் குயவன்?" என்று முணுமுணுத்து, உளியை வாங்கி அடித்தார். தண்ணீர் முதுகில் வழிந்தது.

இரண்டாம் சுற்றில் சத்தம் கொஞ்சம் வாய் திறந்தது. மூன்றாவதில் தண்ணீர் பெரும்பாலும் இறங்கிவிட்டது. உளி பட்டதும் காதோரத்தில் டங்கென்று அப்பாவின் கடம் பேசியது. அதிர்வு தோள் எலும்புக்குள் புகுந்து பல்வரை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை அவனுக்கு அப்போது வந்தது. தோளிலிருந்து எடுக்க மனமில்லை.

"போடுப்பா. திரும்பிப் பாக்காத."

பின்னால் போட்டான். உடைகிற சத்தத்துக்குக் காத்து நின்றான். ஈர மணலில் பொத்தென்று விழுந்தது. உருண்டுபோய், கரை ஒதுங்கிய கட்டை எதிலோ மோதி, இன்னொரு தரம் டங்கென்றது. அவ்வளவுதான்.

பழனிசாமி மட்டும் திரும்பிக் கடத்தைப் பார்த்தார். பிறகு, "ஆச்சு, ஆச்சு. மழை வருது, கொள்ளிய வை" என்றார்.

வீட்டு வாசலில் அலமு தண்ணீரோடு நின்றிருந்தாள்.

"உடைஞ்சுதா?"

"சுக்குநூறா" என்றான்.

அவள் முகம் இளகியது. "போய்ச் சேந்துட்டாரு" என்றாள். உள்ளே போய்ப் பிரிமணையை எடுத்துவந்து குப்பையில் போட்டாள்.

மறுநாள் காலையில் ஜெட்டியில் வேலை பார்க்கும் ராஞ்சிக்காரர் வந்தார். சர்ச்சுக்குப் போகிறவர், இவர்கள் சடங்கெல்லாம் தெரியாது. சாயங்காலங்களில் கடம் கேட்டால் வேலியோரம் நின்று கேட்டுவிட்டுப் போவார். இன்று அது அவர் கையில் இருந்தது.

"பாபுஜி கா மட்கா. ரேத் மே படா தா. டூட்டா நஹீ" என்றார் அலமுவிடம். மணலில் கிடந்ததாம், உடையவில்லையாம்.

மூன்று துளைகளையும் படகுத் தார் வைத்து அடைத்திருந்தார். சரியாக இருக்கிறது என்று காட்ட, விரலால் ஒருமுறை தட்டினார். கணீரென்றது.

உதயசூரியன் தலை குனிந்துகொண்டான். அலமு அவனைப் பார்க்கவில்லை. கடத்தை இரண்டு கையாலும் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குப்பைமேட்டுக்குப் போய்ப் பிரிமணையைத் தேடி எடுத்து, சாம்பலைத் தட்டிவிட்டு, உள்ளே அதே மூலையில் போட்டாள்.