நாள் மாறிய நேர்த்தி

"குடு இஞ்ச புள்ளய!"

சீதேவிப்பிள்ளை தன் மருமகள் மேனுகாவின் கையிலிருந்து குழந்தையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். மகளின் பிள்ளைக்கு அன்று முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு; பிள்ளைப்பேற்றுத் தீட்டு நீங்கும் நாள். வந்திருந்த பெண்கள் பாக்குச் சீவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"என்ன மாமி, சும்மாதானே தூக்கின நான்?"

"வயிறு திறக்காதவள் தூக்கினா புள்ளைக்கு ஆகாது. நாலு வரிசமாச்சு, இன்னும் தெரியாதா?"

நாலு வருடம் என்பது மாமியின் கணக்கு. கலியாணம் முடிந்து ஆறு மாதத்திலேயே சதீசன் கட்டாருக்குப் போய்விட்டான். இளம் பிள்ளைகளை ஊரில் வைத்திருக்கத் தாய்மார் பயந்த காலம் அது. போர் முடிந்து அவன் திரும்பி வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. கட்டாரில் இருக்கும் புருஷனைக் கொண்டு தேற்றாத்தீவில் எப்படிப் பிள்ளை பெறுவது என்று மேனுகாவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் குற்றமெல்லாம் அவள் வயிற்றின்மேல்தான். சதீசனை யாரும் ஒரு நாளும் சந்தேகித்துப் பார்க்கவில்லை.

சீதேவிப்பிள்ளை பொல்லாதவள் அல்ல. அவளுடைய மூத்த மகனின் பிள்ளைகள் இருவரையும் சுனாமி கொண்டுபோனது. அன்றிலிருந்து வீடு நிறையப் பேரப்பிள்ளைகள் வேண்டும் என்பதே அவளுடைய மன்றாட்டம். அதற்காகக் குறி சொல்லும் கட்டாடியாரிடம் போய் ஒரு நேர்த்தி கேட்டு வந்தாள். மருமகள் மாதத் துடக்குக் கழிந்து தலை முழுகும் நாளிலிருந்து இரண்டு கிழமைக்குச் சதீசன் ஒரு நேரச் சோற்றோடு கண்ணகை அம்மன் கோயில் மண்டபத்தில் படுக்க வேண்டும். மாதா மாதம், ஒரு வருடத்துக்கு. வைகாசிச் சடங்குக்குள் ஒன்றும் தங்காவிட்டால் மகனை மேனுகாவின் சீதன வீட்டிலிருந்து தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு, வெல்லாவெளியில் வயல் உள்ள ஒருத்தியை அவனுக்குக் கட்டிவைப்பது என்றும் முடிவெடுத்திருந்தாள்.

குழந்தையை நிறுக்க வந்த மருத்துவமாது செசீலியா மிசி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். வேலை முடிந்ததும் மேனுகாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனாள்.

"மாசம் ஒழுங்கா வருதா மகள்?"

"ஓம் மிசி. நாலு கிழமைக்கு ஒருக்கா, தப்பாம."

"அவர் எங்க? இந்தப் பக்கம் காணக் கிடைக்கல்ல."

"கோயில்ல. நேர்த்தி." மேனுகா முழுவதையும் சொன்னாள்.

மிசி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"சிரிக்காதீங்க மிசி."

"கோவிக்காத மகள், கேள். அடுத்த துடக்கு வாறதுக்கு அண்ணளவா ரெண்டு கிழமை முந்தித்தான் முட்டை வெளிய வாற. அது ஒரு நாள்தான் உசிரோட இரிக்கும். ஆம்பிளைட வித்து அஞ்சு நாள் வரைக்கும் தாங்கும். அதால முட்டை வாற நாளும் அதுக்கு முந்தின அஞ்சு நாளும்தான் புள்ள தங்குற நாள். உன்ட கணக்குக்கு, துடக்கு வந்த ஒன்பதாம் நாளுக்கும் பதினாலாம் நாளுக்கும் இடையில. முன்னப் பின்ன ஒண்டு ரெண்டு நாள் மாறும்."

மேனுகா விரல்களை மடக்கினாள். ஐந்தாம் நாள் தலைமுழுக்கு. அன்றைக்கே அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறார். திரும்பி வரும்போது பத்தொன்பதாம் நாள்.

"ஐயோ மிசி! புள்ளைக்கெண்டு வச்ச நேர்த்திதான் புள்ளையை மறிச்சுக்கொண்டு நிண்டிரிக்கு!"

இருவரும் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இதுக்குப் பிறகும் தங்கல்லண்டா அவரையும் கூட்டிக்கொண்டு வா. ரெண்டு பேரையும்தான் பாக்கணும், உன்னை மட்டுமில்ல" என்றாள் மிசி.

அன்று மாலை சோற்றுப் பாத்திரத்தோடு மேனுகா கோயிலுக்குப் போனாள். சதீசன் தாடியும் மெலிவுமாக வெளிவீதியில் குந்தியிருந்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தான்.

"மிசியிட்ட இதெல்லாமா கதைச்ச நீ?"

"உங்கட அம்மா ஊர் முழுக்கக் கதைக்கிறா. நான் ஒரு ஆளிட்டத்தானே கதைச்ச."

"நேர்த்தியை உட்டா கண்ணகை அம்மாள் கோவிப்பா மேனு."

"அம்மாளும் பொம்புளதான். புருஷன் பக்கத்தில இல்லாமப் படுற பாடு அவவை விட ஆருக்குத் தெரியும்? நேர்த்தியை உடச் சொல்லல்ல நான். நாளை மாத்துவம்."

சதீசன் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தான். பிறகு அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கட்டாடியார் கணக்கில பெயில்" என்றான்.

அடுத்த மாதம் அவள் தலை முழுகிய அன்று அவன் வீட்டை விட்டு அசையவில்லை. செய்தி கேட்டுச் சீதேவிப்பிள்ளை படலையைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, மகன் முற்றத்தில் குந்தியிருந்து கொடுவா மீன் வெட்டிக்கொண்டிருந்தான்.

"அடேய், நேர்த்தி என்னடா?"

மேனுகா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "நேர்த்தி இரிக்கு மாமி. பத்து நாள் பிந்திப் போவார். ரெண்டு கிழமையில ஒரு நாளும் குறையாது." ஏன் என்பதையும் மிசி சொன்னபடியே சொன்னாள்.

மாமி காதைப் பொத்தினாள். "வெக்கம் கெட்டவளே! இதெல்லாம் வாயால சொல்லுற கதையா?"

"வயிறு திறக்காதவள் எண்டு சபை நடுவில சொல்ல வெக்கமில்ல. முட்டை எண்டு சொல்லத்தான் வெக்கமா?"

சதீசன் கத்தியைக் கீழே வைத்தான். "அம்மா, நான் கட்டார்ல இருந்த காலத்தையும் அவள்ட தலையில போடாதீங்க."

மகன் எதிர்த்துப் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. வந்த வேகத்திலேயே திரும்பிப் போனாள்.

அந்த மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாதமும் இல்லை. மூன்றாம் மாதம் மேனுகாவுக்குத் துடக்கு வரவில்லை. கிளினிக்கில் சோதித்து மிசி தலையாட்டியதும், சதீசன் மனைவியை அங்கேயே மறந்துவிட்டுச் சைக்கிளில் அரைவாசித் தூரம் போய், நினைவு வந்து திரும்பி வந்தான்.

வைகாசிச் சடங்கில் கட்டாடியாருக்குப் பட்டுவேட்டி கிடைத்தது. சீதேவிப்பிள்ளை பந்தலுக்குள் இருந்து காண்பவர்களிடமெல்லாம் நேர்த்தியின் பலனைச் சொன்னாள். பக்கத்தில் அன்னப்பூரணி தன் மகள் தக்ஷாயினியோடு வந்து குந்தினாள். அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் முடிந்து ஒரு வருடம்.

"யோசிக்காத அன்னப்பூரணி. இவள் தலை முழுகின அண்டைக்கே மருமகனைக் கோயிலுக்கு அனுப்பு. ரெண்டு கிழமை. என்ட மருமகளைப் பார்!"

தக்ஷாயினி தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்று மாதத்து மசக்கையோடு தூணில் சாய்ந்திருந்த மேனுகா நிமிர்ந்தாள். "தக்ஷாயினி, கிட்ட வாகா. உனக்கு மாசம் எத்தினை நாளைக்கு ஒருக்கா வாற?"

பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"மேனுகா! கோயில்ல என்ன கதை இது?"

"நேர்த்தியைக் கோயில்லதானே மாமி வச்ச நீங்க? கதையும் இஞ்சயே நடக்கட்டும்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தக்ஷாயினி எழுந்து வந்து மேனுகாவின் அருகில் குந்தினாள். கொஞ்சம் பொறுத்து இன்னொருத்தி நகர்ந்து வந்தாள்.

"சத்தமாச் சொல்லுகா, எனக்கும் கேக்கட்டும்" என்றாள் அவள்.