மல்லாட்டைக் கொல்லையில் ஒரு சிப்பாய்

என் கைகளை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். சோறு பிசையும், கைபேசி பிடிக்கும், கோயிலில் சிலுவை போடும். அதற்கு மேல் அவற்றிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. ராணுவத்தில் பெண்களுக்கு வைத்த தேர்வில் ஓட்டம், நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல் என்று எல்லாமே காலுக்கு வந்த கேள்விகள். கால்கள் பாஸ் செய்தன. கைகள் சும்மா கூடப் போய்விட்டு வந்தன.

பயிற்சியில் சேர நாலு வாரம் இருந்தது. எனக்கு முந்தின வருடம் சேர்ந்த ஒரு அக்கா போனில் சொன்னாள்: "கயிறு ஏறணும் ஜெசிந்தா, தண்டால் எடுக்கணும். முடியலன்னா அடுத்த பேட்ச்சுக்குத் தள்ளுவாங்க. அப்பவும் முடியலன்னா ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க." அன்றே கதவைச் சாத்திக்கொண்டு தண்டால் எடுத்துப் பார்த்தேன். இறங்குவது நன்றாக வந்தது. எழுவதற்குத்தான் ஆள் தேவைப்பட்டது.

இதை அம்மாவிடம் சொல்ல முடியாது. அம்மா லூர்துமேரி, திண்டிவனத்தைச் சுற்றியுள்ள கொல்லைகளில் கூலிக்குக் களையெடுத்து, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கி என்னை வளர்த்தவள். "எம் பொண்ணு கையில மண்ணு பட்டதில்ல" என்பதுதான் அவள் சேர்த்துவைத்த ஒரே சொத்து. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் கோயில் வாசலில் நின்று அதைத்தான் சொல்வாள். அந்தக் கையால்தான் திரும்பி வரப்போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

திண்டிவனத்தில் ஒரு ஜிம்முக்குப் போனேன். அங்கிருந்த புகழேந்தி மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லேடீஸுக்கு வெயிட்டெல்லாம் வாணாம் மேடம்" என்று ஓடும் மெஷினில் ஏற்றிவிட்டார். ஓடித் தேர்வானவளை மூன்று நாள் நின்ற இடத்திலேயே ஓட வைத்தார். நானும் மறுபேச்சுப் பேசாமல் ஓடினேன். கையைப் போலத்தான் என் வாயும்.

கல்லூரித் தோழி ஆர்த்திதான் வழி சொன்னாள். மண்டகப்பட்டில் அவர்களுக்குச் சொந்தக் கொல்லை. "மல்லாட்ட புடுங்க ஆள் கெடைக்காம எங்கப்பா பேஜாராயிக் கெடக்கறாரு. நீ இழுக்கறதுக்கு எதனா தேடிக்கினு இருக்க. வந்து இழு."

விழுப்புரத்தில் நல்ல லேடீஸ் ஜிம் இருக்கிறது என்று அம்மாவிடம் புளுகினேன். அம்மா சந்தோஷமாக முட்டை அவித்து டப்பாவில் வைத்துக் கொடுத்தாள். விழுப்புரம் போய், அங்கே பஸ் மாறி, மண்டகப்பட்டில் இறங்குவேன். எந்த வேலைக்கு என்னை விடக் கூடாது என்று அம்மா இருபது வருடம் பாடுபட்டாளோ, அதற்கு நான் இரண்டு பஸ் பிடித்துப் போனேன்.

முதல் நாள் ஒரு செடியோடு மல்லுக்கட்டினேன். செடி வந்தது, காயெல்லாம் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. பக்கத்து வரிசையில் ஐம்பது தாண்டிய கெங்கம்மாள் இரண்டு கையாலும் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி, மண்ணை உதறிப் போட்டு, வெற்றிலையும் மென்றுகொண்டு போனாள். எல்லோரும் வரிசையை முடித்துக் கரையேறியபோது நான் பாதி வரிசையில் நின்றேன். மறுநாள் தலை வாரக் கை எழும்பவில்லை. பத்தாம் நாள் முக்கால் வரிசைக்கு வந்துவிட்டேன். அன்று கண்ணாடி முன் கையை மடக்கிப் பார்த்தபோது கொசு கடித்த அளவுக்கு ஒரு மேடு தெரிந்தது. கொசுக்கடியாகவும் இருக்கலாம்.

பதினோராம் நாள் புயல் வருகிறது என்று செய்தியில் சொன்னார்கள். ஆர்த்தியின் அப்பா தேவநாதன் மழைக்குள் பிடுங்கி முடிக்கக் கூடுதலாகப் பத்துப் பேரைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரிலிருந்து ஒன்பது பெண்கள் இறங்கினார்கள். பத்தாவதாக அம்மா இறங்கினாள்.

ஒளிந்துகொள்ள ஒரு மரம் இல்லை. மல்லாட்டைச் செடி முழங்கால் உயரம்கூட வராது. அம்மா என்னைப் பார்த்தாள், என் மண் கையைப் பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா, தெரிஞ்ச பொண்ணா?" என்றாள் கெங்கம்மாள்.

அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே, "இல்லக்கா, யாரோ" என்றாள்.

இரண்டு அறை விட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஆனால் கோபப்படவும் முடியவில்லை. அந்த ஒன்பது பேரும் என்னைப் பார்த்ததில்லை. அம்மாவோடு கூலிக்குப் போகிறவர்கள், மண் படாத என் கையைப் பற்றி அவள் வாயால் வருடக்கணக்காகக் கேட்டவர்கள்.

அம்மா என் பக்கத்து வரிசையில் இறங்கினாள். என் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் வரிசையில் இரண்டு செடி, என் வரிசையில் ஒரு செடி என்று பிடுங்கிக்கொண்டே போனாள். யாரோ ஒருத்திக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது கெங்கம்மாள் என்னைக் காட்டிச் சிரித்தாள். "பத்து நாளா வருது, இன்னும் ஒரு வரிசைய முழுசா புடுங்கத் துப்பில்ல. எவ பெத்த பொண்ணோ! ஒரு வேல செய்ய உடாம வளத்து வெச்சிருக்கா பாரு."

உண்மைதானே என்று நானும் கூடச் சிரித்தேன். அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"எவ பெத்ததுன்னு கேட்டியே, நான்தான் பெத்தேன். வேல செய்ய உடாம வளத்ததும் நான்தான். அவ ஒரு செடி புடுங்கக் கூடாதுன்னுதான் நான் ரெண்டாள் செடி புடுங்கினேன். எம் பொண்ண மிலிட்டரில எடுத்துக்கினாங்க, தெரியுமா உனக்கு?"

கெங்கம்மாள் வாய்க்குக் கொண்டுபோன கவளம் பாதியில் நின்றது. எல்லோரும் மிலிட்டரியைத் திரும்பிப் பார்த்தார்கள். மிலிட்டரி கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது.

"எழுந்திரு. ஊட்டுக்குப் போ" என்றாள் அம்மா.

"போவ மாட்டேம்மா." முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். "அங்க கயிறு ஏறணும். எங் கையில பெலமில்ல. ஏறலன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. அப்பறம் ஆயுசுக்கும் இந்தக் கொல்லைதாம்மா."

அம்மா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். என் கையை இழுத்துத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை அமுக்கிப் பார்த்தாள். உள்ளங்கையில் உடைந்திருந்த கொப்புளத்தில் அவள் விரல் நின்றது. அவள் அழுதாள். நானும் அழுதேன்.

மதியமும் என் பக்கத்து வரிசைக்கே வந்தாள். நான் வழக்கம்போலப் பின்தங்கினேன். காலையில் போலவே அவள் கை என் வரிசைக்கு நீண்டது. செடியைத் தொட்டது. பிடுங்காமல் திரும்பிப் போய்விட்டது. அவள் முடித்துக் கரையேறினாள். மற்றவர்களும் ஏறினார்கள். கொல்லையில் நான் மட்டும் மிச்சம்.

"பாவம், எறங்கி நாலு புடுங்கிக் குடேன்" என்றாள் கெங்கம்மாள்.

"வாணாங்கா" என்றாள் அம்மா. இரண்டு கைகளையும் முந்தானையில் இறுகச் சுற்றிக்கொண்டு, கடைசிச் செடிக்கு நான் வந்து சேரும்வரை வரப்பிலேயே நின்றிருந்தாள்.