நெஞ்சுக்கு ரெண்டு அடி

கோல்ஃப் பணக்காரர்கள் ஆட்டம் என்று சொல்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்ணூர்ப் பக்கம் வந்து எங்களைப் பார்க்க வேண்டும். ஏரிக்கரையை ஒட்டி ஒரு கம்பெனி நிலத்தை வளைத்துப் போட்டுக் கட்டடம் கட்டாமலே விட்டுவிட்டது. அங்கே இருந்த கொரியா மேனேஜர் பொழுது போகாமல் ஆறு குழி தோண்டி ஆடிக்கொண்டிருந்தார். ஊருக்குக் கிளம்பும்போது மட்டைகளை, கேட்டில் செக்யூரிட்டியாக நின்ற என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்று பிடித்தது இந்தப் பைத்தியம். இப்போது நாங்கள் எட்டு பேர் ஆடுகிறோம். எல்லாருக்கும் அறுபது தாண்டிவிட்டது. புல்லை ஆடுகள் மேய்ந்து சமமாக வைத்திருக்கின்றன. குழியைச் சுற்றி எம்-சாண்ட் கொட்டிப் பலகையால் இழுத்துவிட்டிருக்கிறோம். கொடிகள் எல்லாம் பழைய சேஃப்டி ஜாக்கெட்டில் கிழித்தவை.

பொங்கல் கழிந்து வரும் ஞாயிறு எங்கள் போட்டி. ஆறு குழியிலும் பந்தைக் குறைந்த அடியில் போடுகிறவருக்கு ஒரு எவர்சில்வர் குடம். எங்களுக்கென்று ஒரு தனிச் சட்டம் உண்டு. அதற்குப் பெயர் வியாதிச் சலுகை. சர்க்கரைக்கு ஒரு அடி, முட்டிவலிக்கு ஒரு அடி, நெஞ்சு வியாதிக்கு இரண்டு அடி. அடித்த கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு முன்னால் வேப்பமரத்தடியில் நின்று எல்லார் காதிலும் விழும்படி வியாதியைச் சொல்ல வேண்டும். மறந்துவிட்டால் குடம் கைக்குப் போவதற்குள் சொன்னாலும் சரி, வயசு அப்படி. இதனால் என்ன ஆயிற்றென்றால், போட்டியன்று மட்டும் எங்களில் ஒருவனும் நல்ல உடம்போடு இருப்பதில்லை. காசிராஜன் ஒரு வருஷம் பல்வலிக்கு அரை அடி கேட்டான்.

இந்தச் சட்டம்தான் என் சிநேகிதன் அந்தோணிராஜின் வீட்டில் குண்டைப் போட்டது.

அவனுக்கு முன்பு ஒருமுறை நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தது உண்மை. ஆனால் போன வருஷம் குடத்துக்கு ஆசைப்பட்டு, கரைமேல் ஏறினால் மூச்சு வாங்குகிறது, ராத்திரியில் படபடக்கிறது என்று இல்லாததையெல்லாம் மரத்தடியில் அடித்துவிட்டான். குடமும் வாங்கிவிட்டான். அந்தப் பேச்சு அவன் மகள் ஷெர்லினின் காதுக்குப் போய்விட்டது. ஷெர்லின் ஒரகடத்தில் ஒரு ஃபேக்டரியின் முதலுதவி அறையில் நர்ஸ். இரண்டு தரம் பரீட்சை எழுதி அயர்லாந்தில் ஆஸ்பத்திரி வேலை வாங்கி வைத்திருந்தாள். அப்பனுக்கு இப்படி இருக்கும்போது எப்படிப் போவது என்று மறு வாரமே வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டாள். அம்மா இல்லாத பெண். அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான், பொய்தான் சொன்னேன் என்று பைபிள்மேல் கைவைத்தும் சொன்னான். தன்னை அனுப்புவதற்காக இப்போதுதான் பொய் சொல்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் அதே வேலை மறுபடியும் வந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போட்டி ஞாயிற்றுக்கிழமை.

"ஆறு குழியும் உக்காராம நடந்து காட்டுறேன். அதுக்கப்புறம் போறியா?" என்று மகளிடம் கேட்டிருக்கிறான்.

"பாக்குறேன்பா. பாத்துட்டுச் சொல்றேன்" என்றாளாம்.

அன்று காலை மரத்தடியில் நான் சர்க்கரை, முட்டி இரண்டையும் சொன்னேன். இரண்டும் நிஜம்தான், என் பெண்டாட்டியைக் கேளுங்கள். அந்தோணியின் முறை வந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றான்.

"இன்னாண்ணே, நெஞ்சு இன்னா ஆச்சு?" என்றாள் மரகதம். கேன்டீனில் இருந்து ரிட்டையர் ஆனவள். எங்களில் அடி கணக்கு வைப்பது அவள்தான்.

"நெஞ்சு நல்லா கீது. எழுதிக்க."

பிறகு என்னைத் தனியாக இழுத்துப் போனான். "டேய் எல்லப்பா, பாவம் பாத்து எனக்கு வுட்டுக் குடுத்தே, செருப்பு பிஞ்சிடும். அவ பாத்துகினு இருப்பா."

"உனக்கு எதுக்குடா நான் வுட்டுக் குடுக்கணும்? இத்தினி வருஷத்துல ஒரு தரம்கூட அந்தக் குடம் என் வூட்டுக்கு வரல" என்றேன். அது சத்தியமான வயிற்றெரிச்சல்.

ஷெர்லின் தண்ணீர் பாட்டிலோடும், விரலில் மாட்டி நாடித்துடிப்பு பார்க்கும் கருவியோடும் எங்கள் பின்னாலேயே வந்தாள். ஒவ்வொரு குழி முடிந்ததும் அப்பன் விரலை நீட்ட வேண்டும், அவள் நம்பரைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். எங்களுக்கெல்லாம் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற மாதிரி இருக்கும்.

மூன்றாவது குழியில் அவன் பந்து கரைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. போன வருஷம் மூச்சு வாங்கியதாகச் சொன்ன அதே கரை. வேறு பந்து வைத்துக்கொண்டு ஒரு அடி கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். அவன் ஏறினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நிதானமாக, சிலுவைப்பாதை போகிறவன்போல ஏறினான். ஷெர்லின் கீழேயே நின்றாள். எனக்குத்தான் மூச்சு முட்டியது.

நான்காவது குழியில் அடிக்கப் போனவன் நின்றுவிட்டான். மட்டையைக் கீழே போட்டான். வலது கை நெஞ்சுக்குப் போயிற்று.

யாரும் அசையவில்லை. ஷெர்லின்தான் ஓடினாள்.

"கண்ணாடி எடுக்கிறேன்டி!" என்று கத்தினான். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எங்களை ஒரு சுற்று முறைத்தான். "ஒரு மனுசன் கண்ணாடி எடுக்கக் கூடாதா?" காசிராஜன் சிரித்த சிரிப்பில் ஆடுகள் கலைந்து ஓடின. ஷெர்லின் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவள் கொஞ்சம் தள்ளியே நடந்தாள்.

கடைசிக் குழி. அந்தோணி முடித்துவிட்டான், மொத்தம் முப்பத்து மூன்று அடி. என் பந்து குழிக்கு ஒரு கட்டில் நீளத்தில் கிடந்தது. அதை ஒரே தட்டில் போட்டால் முப்பத்து நான்கு, சலுகை போக முப்பத்திரண்டு, குடம் எனக்கு. விட்டால் இரண்டு பேரும் சமம்.

ஒரு நிமிஷம் எனக்கு மனசு ஆடியது. சமமாகப் போனால் என்ன, மகள் முன்னால் அவனும் தலை நிமிர்ந்து நிற்பானே என்று தோன்றியது. நிமிர்ந்து பார்த்தேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். தட்டினேன். பந்து எம்-சாண்டில் கோடு போட்டுக்கொண்டே போய்க் குழியில் விழுந்தது.

"எல்லப்பண்ணனுக்குத்தான் குடம்" என்று மரகதம் குடத்தைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள். "அந்தோணியண்ணே, இன்னும் குடுக்கல. நெஞ்சுக்கு ரெண்டு அடி கேட்டா, குடம் உனக்கு. இன்னா சொல்ற?"

பாவி. சட்டம் சட்டம்தான், ஆனாலும் அதை இப்போது சொல்ல வேண்டுமா? அந்தோணி குடத்தைப் பார்த்தான். அவனுக்கு ஆசை இல்லாமல் இல்லை, எனக்கு அவனைத் தெரியும். வாயைத் திறந்தான்.

"வேணாம் அத்தை" என்றாள் ஷெர்லின். அவன் பேசுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். "எங்கப்பாவுக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்ல. பெரியப்பாவுக்கே குடுங்க."

சொல்லிவிட்டு அந்த விரல் கருவியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். கடைசிக் குழிக்கும் நம்பர் பார்ப்பாள் என்று அந்தோணி தன் விரலை நீட்டியபடியே நின்றிருந்தான். விரலை மடக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"அப்போ, நாளைக்கு பதில் எழுதிடுவியாம்மா?" என்றான் மெதுவாக.

"நாளைக்கு எதுக்கு? வூட்டுக்குப் போனதும் எழுதுறேன்."

எத்தனையோ வருஷம் ஏங்கிய குடம் என் கைக்கு வந்தது, ஒரு நாய்கூடக் கை தட்டவில்லை. எல்லாரும் அந்தோணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு பார்த்தால் அது கோபமில்லை, அழுகை. குடத்தைக் கட்கத்தில் இடுக்கிக்கொண்டு நானும் போய் அவனைக் கட்டிக்கொண்டேன்.

"அடுத்த வருஷம் அது என்னுதுடா" என்றான் என் காதில்.

"நான் வீடியோ கால்ல பாப்பேன்" என்றாள் ஷெர்லின். "நடுவுல உக்காந்தீங்க, அவ்ளோதான்."

அப்போதுதான் அவன் வேப்பமரத்தடிக்குப் போய், அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, அவ்வளவு நேரம் சுமந்துகொண்டிருந்த தண்ணீரைத் தானே குடித்தாள்.