மிஞ்சிய நேரத்துக்குப் பங்கு

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இறால் கறி வெளிச்சத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. யசோதினி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுக்களையில் உட்கார்வது அவளுக்குப் புதிது. ஈர விறகை ஊத வேண்டியதில்லை, கண் எரியவில்லை, சட்டியின் கரியைத் தேய்க்க வேண்டியதில்லை. பெட்டி கூவியது. திறந்தால் இறால் சிவந்து கிடந்தது. தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

கட்டாரிலிருந்து வந்த அக்கா மேனுகா கொடுத்த மைக்ரோவேவ் அது. "அடுப்போட கிடந்து சாகாத புள்ள. பின்னேர வகுப்புக்குப் போ" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

தேற்றாத்தீவில் ஒரு பாலர் பாடசாலையில் யசோதினி உதவியாள். கூட்டுவாள், பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பாள். மட்டக்களப்பில் நடக்கும் பயிற்சி வகுப்பை முடித்தால் ஆசிரியை ஆகலாம். முடிக்காவிட்டால் கடைசிவரை விளக்குமாறுதான். முதல் வாரம் சமைத்து மூடி வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

அதைக் கெடுத்தவன் உதயரூபன், அவள் புருஷன். பிலிப்புவின் தோணியில், ஜூலியனையும் சேர்த்துக்கொண்டு, தன் வலையோடு வாவிக்கு மீன் பிடிக்கப் போகிறவன். முன்பெல்லாம் கரை சேர்ந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். வீட்டுக்குப் பெட்டி வந்த பிறகு அவனுக்குப் பவுசு கூடிவிட்டது. அவள் பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் வரும்.

"இஞ்ச, பிலிப்பும் ஜூலியனும் சாப்பிட வாறாங்க."

"எனக்கு வகுப்பெல்லோ?"

"அஞ்சு நிமிச வேலைதானே புள்ள. மெசின்தானே சமைக்கிது?"

மெசின் தேங்காய் துருவாது, இறால் உரிக்காது, தின்ற கோப்பை கழுவாது. அதெல்லாம் அவன் சொன்ன ஐந்து நிமிடத்துக்குள் இல்லை. அவள் திரும்பி நடப்பாள். மாமியார் சீதேவிப்பிள்ளையோ, "அடுப்பு வேலை இல்லாத பொம்பிளைக்குக் கை சும்மாதானே" என்று இடிக்க மிளகாய் கொண்டுவந்து வைத்தாள். விறகடுப்புக் காலத்தில்கூட யசோதினி இவ்வளவு வேலை செய்ததில்லை.

ஒரு நாள் பயிற்சி நிலையத்திலிருந்து அழைத்தார்கள். வரவு போதாது, பேரை வெட்டிவிட்டோம், அடுத்த வருஷம் பாருங்கள்.

போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள். முற்றத்தில் சாக்கை விரித்து மீனைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். "தோணிக்கு ஒண்டு. வலைக்கு ஒண்டு. மறுகா ஆளுக்கொண்டு" என்று பிலிப்பு குவியல் குவியலாகப் பிரித்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன தங்கச்சி, இண்டைக்கு வகுப்பு இல்லையோ?"

"பேரை வெட்டிட்டாங்க அண்ணன்."

உதயரூபன் சிரித்தான். "நல்லதாப் போச்சு. இனி அலைச்சல் இல்ல. மெசின் இரிக்கு, ராசாத்தி மாதிரி வீட்ட இரி. சோத்தப் போடு."

"தோணி சோறு தின்னுதா?" என்றாள் யசோதினி.

"என்னது?"

"வலை தின்னுதா? அதுகளுக்கும் பங்கு வைக்கிறீங்க. அந்தப் பெட்டியால மிஞ்சின நேரத்தில நீங்க ஒரு பங்கு எடுத்தீங்க, உங்கட அம்மா ஒரு பங்கு எடுத்தா, கூட்டாளிமாரும் எடுத்தாங்க. என்ட பங்கு எங்க?"

பிலிப்பு எழும்பிக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தான். "நான் வீட்ட போய்ச் சாப்பிடுறன்." ஜூலியனும் பின்னால் போனான்.

"ஆக்களுக்கு முன்னால மானத்த வாங்கிட்டாய்!" என்று கத்திக்கொண்டே உதயரூபன் உள்ளே போனான். வீதியில் மட்டக்களப்பு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்தது. இனி அது அவளுக்கில்லை.

பசி பொறுக்காமல் அவன் ஆறிய கறியோடு பெட்டிக்கு முன்னால் நின்றான். இத்தனை நாளில் ஒருதரமும் அதைத் தொட்டதில்லை.

"இதில எதை அமத்துற?"

"அஞ்சு நிமிச வேலைதானே, பழகுங்க" என்றாள். குரல் உயரவில்லை. "வேலையக் குறைக்கிற மெசின எந்த வீட்டிலயும் வாங்கி வைக்கலாம். மிஞ்சிற நேரம் பொம்பிளைக்கும் சொந்தமெண்டு வீட்டில உள்ளவங்க ஒத்துக்கொள்ளாட்டி, அது அவள்ர கழுத்தில ஏத்தின இன்னொரு சுமைதான்."